புகைமலை அவுலியா

பினாங்குச் சூலியா தெருவில் கப்பல் கயிறு விற்றுவந்த சீனி முகம்மது ராவுத்தருக்கு உலகத்தில் இரண்டே குறைகள் இருந்தன. ஒன்று, அவருடைய மனைவி ஹபீபா பீவி அவரை ஒரு நாளும் பாராட்டியதில்லை. மற்றது, ஹபீபா பீவியின் அண்ணன் நூர் முகம்மதுவை ஊரே பாராட்டியது.

நூர் முகம்மது வாசனைச் சரக்கு வியாபாரி. ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு கடற்கரையோரமாக இத்தாலியத் தூண்கள் வைத்து ஒரு பங்களா கட்டிக்கொண்டார். கட்டியவர் அதில் பேசாமல் குடியிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும் நேரத்திலும் அவர் அந்தத் தூண்களைப் பற்றிப் பேசினார். கேட்பவர்கள் வேறு வழியில்லாமல் பாராட்டினார்கள்.

ராவுத்தர் தம்பதிக்குக் கடைக்கு மேலே இருந்த மாடிதான் வீடு. இரண்டு பெண்களையும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் கட்டிக்கொடுத்த பிறகும், தார் வாசனைக்கும் மணிலா நார் வாசனைக்கும் நடுவே அவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். ஒரு நாள் ஹபீபா பீவி அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, முக்காட்டை மடித்துக்கொண்டே, "அண்ணன் வீட்ல காத்து நல்லா வருது" என்றார். குத்திக் காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. காற்றைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் ராவுத்தரின் தொண்டையில் அது மீன்முள் போல நின்றுவிட்டது. அந்த அம்மாளின் வாயிலிருந்து ஒரு வீட்டைப் பற்றி நல்ல வார்த்தை வரமுடியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வரமுடியும் என்றால் தம் வீட்டைப் பற்றியும் வரவேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்காகத்தான் நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் டொன் எமிலியோ வந்து சேர்ந்தார். அவர் மணிலாவிலிருந்து ராவுத்தருக்கு நார்க்கயிறு அனுப்பும் ஸ்பானிய வியாபாரி. வருஷத்துக்கு ஒருமுறை தாமே கப்பலேறி வந்து கயிறு ஒழுங்காக விற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அவருடைய சிற்றப்பா மெக்சிகோ நாட்டில் பாதிரியாராக இருந்து இறந்தவர். சிற்றப்பா விட்டுப்போன தோல் அட்டைப் படத் தொகுப்பு ஒன்றை, பேச்சுக்கு வழியில்லாத ஒரு மழை நாளில், டொன் எமிலியோ ராவுத்தரின் மேசைமேல் விரித்தார்.

முதற் படத்தில் ஒரு மலை. உச்சியில் பனி, பனிக்குமேல் புகை. அதன் பெயர் பொப்போகாட்டெபெட்ல் என்றும், அந்நாட்டுப் பழைய மொழியில் புகைகின்ற மலை என்று அதற்குப் பொருள் என்றும் டொன் எமிலியோ தம் அரைகுறை மலாய் மொழியில் விளக்கினார். ராவுத்தர் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்து, பல்லைக் காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டு அதைப் புகைமலை என்று வைத்துக்கொண்டார்.

அடுத்தடுத்த படங்களில், அந்த மலையின் சரிவுகளில் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குமுன் ஸ்பானியத் துறவிகள் கட்டிய மடங்கள் இருந்தன. ராவுத்தர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். ஓர் ஆள் குறுக்கே படுக்கக்கூடிய தடிப்பில் சுவர்கள். அவை போதாதென்று வெளிப்புறம் முட்டுக்கொடுத்து நிற்கும் பருத்த உதைச்சுவர்கள். கூரை விளிம்பில் கோட்டைக்கு இருப்பதுபோலப் பல்பல்லாக மதில். எட்டாத உயரத்தில், மனமில்லாமல் திறந்துவைத்தவை போன்ற சின்னஞ்சிறு சன்னல்கள். முன்னால் பெரிய முற்றம். அதைச் சுற்றி மதில். மதிலின் நான்கு மூலைகளிலும் நான்கு குட்டி மண்டபங்கள். முற்றத்தின் நடுவில் பீடம், பீடத்தின்மேல் கற்சிலுவை.

"இதில் குடியிருந்தவர்கள் துறவிகளா?" என்றார் ராவுத்தர்.

"சொத்தே வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள்" என்றார் டொன் எமிலியோ.

சத்தியம் எதுவும் செய்யாத தாம் தார் டின்களுக்குமேல் குடியிருப்பதை நினைத்து ராவுத்தர் பெருமூச்சு விட்டார்.

டொன் எமிலியோ இன்னொரு படத்தைக் காட்டினார். கோயிலுக்குப் பக்கவாட்டில், முற்றத்தைப் பார்த்தபடி, முன்பக்கச் சுவரே இல்லாமல் ஒரு பெரிய வளைவு மண்டபம் திறந்து கிடந்தது. அந்த நாட்டு ஜனங்கள் வெட்டவெளியில் வழிபட்டுப் பழகியவர்களாம். இவ்வளவு பெரிய கூரைக்கடியில் வரச் சொன்னால் வரத் தயங்கினார்களாம். அதனால் துறவிகள்தான் வெளியே வந்து, இந்தத் திறந்த மண்டபத்தில் நின்று, முற்றத்தில் கூடியவர்களுக்குப் பூசை நடத்தினார்களாம். சொல்லிவிட்டு டொன் எமிலியோ சிரித்தார். ராவுத்தர் சிரிக்கவில்லை. அவர் மனத்துக்குள் அந்தச் சுவரின் தடிப்பை நூர் முகம்மதுவின் தூண் தடிப்பால் வகுத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கவேண்டிய ஒரே விஷயம் அவர் காதில் விழாமல் மழையோடு போயிற்று.

டொன் எமிலியோ கப்பலேறியபோது படத்தொகுப்பு பினாங்கிலேயே தங்கிவிட்டது. ஆயர் ஈத்தாம் போகும் வழியில் ராவுத்தருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அங்கே திருநாவுக்கரசு மேஸ்திரி வரவழைக்கப்பட்டார். பிள்ளையார் கோயிலுக்கும் பேங்குக்கும் ஒரே முகத்தோடு அஸ்திவாரம் தோண்டக்கூடியவர் அவர்.

"இவ்ளோ தடிச் சுவரு எதுக்கு மொதலாளி?"

"அங்க மலை நெருப்பு கக்கும், மேஸ்திரி. தரை ஆடும். தாங்கணும்ல?"

"நம்ம பினாங்குல தரை ஆடாதே."

"தரை ஆடாது. என் மச்சான் ஆடுவாரு. நீங்க கட்டுங்க."

மேஸ்திரி மூலை மண்டபங்களை விரலால் தட்டிக் காட்டினார். "இது எனக்குத் தெரிஞ்ச சங்கதிதான். சாமி சுத்தி வரும்போது மூலைக்கு மூலை எறக்கி வைக்கிற எடம்."

"இது ஸ்பானியன் கட்டினது."

"இருக்கட்டுமே. அவங்க சாமியும் தோள் மேலதானே வரும்? தூக்குறவனுக்கு எல்லா ஊர்லயும் தோள் வலிக்கும்." மேஸ்திரி அளவுக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தார். "மொதலாளி, சங்கு நண்டு ஒண்ணு இருந்துச்சாம். சின்னச் சங்குல சொகமாக் குடியிருந்துச்சு. ஒரு நா கரையில வலம்புரிச் சங்கு ஒண்ணு, பானையத்தனை பெருசு, ஒதுங்கிக் கெடந்துச்சு. நண்டு உள்ள போயிருச்சு. போனது, இழுத்துக்கிட்டு நடக்க முடியல."

"பெறகு?"

"பெறகு அலை வந்துச்சு. சங்கு தப்பிச்சிருச்சு."

"கதைக்குத் தனிச் சம்பளம் கெடையாது மேஸ்திரி" என்றார் ராவுத்தர்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிக்கல் வந்தது. நடுமுற்றத்துச் சிலுவை. ராவுத்தர் ஐந்து வேளையும் தொழுகிறவர். சிலுவை வேண்டாம், பீடம் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சிலுவையில்லாத சதுரப் பீடம் பார்ப்பதற்கு மொட்டையாக இருக்கிறதென்று மேஸ்திரிக்குப் பட்டது. தம் கைத்திறமையால் அதைக் கொஞ்சம் நீட்டினார். ஒரு பக்கத்தைச் சற்றே உயர்த்தினார். வழவழவென்று வெள்ளைச் சுண்ணாம்பு பூசினார். கடைசியில் அது ஆள் நீளத்துக்கு, முழங்கால் உயரத்துக்கு அமைந்தது. மேஸ்திரியின் கண்ணில் அது அழகான பீடம். ராவுத்தரின் கண் சுவர்களைவிட்டு இறங்கவே இல்லை. முற்றத்தின் நடுவில் தாங்கள் என்ன கட்டியிருக்கிறோம் என்பது அந்த இருவரைத் தவிர வேறு யார் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

வீடு எழும்பிய காலம் முழுவதும் ராவுத்தர் ஊருக்குப் புகைமலையின் பெருமையைச் சொல்லி வந்தார். காப்பிக்கடையில் சொன்னார், படகுத்துறையில் சொன்னார், பள்ளிவாசல் படியில் நூர் முகம்மது செருப்பைத் தேடும்போது குறுக்கே நின்று சொன்னார். கடலுக்கப்பால் ஒரு புகைமலை, அதன் அடியில் சொத்தைத் துறந்த பெரியவர்கள், அவர்கள் இருந்த இடத்தைப் போலவே இங்கே ஓர் இடம். இந்த மூன்று செய்திகளும் ஆயர் ஈத்தாம் சாலையில் போகிற வருகிற எல்லாருக்கும் மனப்பாடமாயின.

குடிபுகும் நாளில் பாத்திஹா ஓதி, நெய்ச்சோறு போட்டு, விருந்து நடந்தது. விருந்தாளிகள் ஆளுக்கொரு பெருமூச்சோடு சுவர்களைத் தொட்டுப் பார்த்தார்கள். நூர் முகம்மது சுவர்ப் பக்கம் திரும்பாமல் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். எல்லாரும் போனபிறகு ஹபீபா பீவி அறை அறையாக நடந்தார். ராவுத்தர் பின்னாலேயே போனார். ஒரு வார்த்தை வரும் வரும் என்று காத்திருந்தார்.

"யாரு வீடு இது?" என்றார் பீவி கடைசியில்.

"நம்ம வீடு ஹபீபா. நம்ம ரெண்டு பேருக்கும்."

பீவி எட்டாத உயரத்திலிருந்த சன்னலை அண்ணாந்து பார்த்தார். "நம்ம ரெண்டு பேரும் அப்படி என்ன தப்புப் பண்ணிட்டோம்?"

அன்றைக்கே, அந்தி சாய்வதற்குள், பீவி ரிக்‌ஷா ஏறிச் சூலியா தெரு மாடிக்குத் திரும்பிவிட்டார். தெரு தெரியாத வீட்டில் தமக்குச் சோறு இறங்காது என்பதுதான் அவர் சொன்ன காரணம். ராவுத்தர் கெஞ்சினார், கோபித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். அந்த வேளைச் சோற்றைப் பீவி பூனைக்குப் போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் புதுவீட்டைப் பூட்டி, காவலுக்குச் சுப்பையா என்ற பெரியவரை வைத்தார்.

சுப்பையாவுக்குக் கண்பார்வை மட்டு. அந்தி நேரத்தில் பீடத்தில் முழங்கால் இடித்துக்கொண்டவர், மறுநாளிலிருந்து பொழுது சாயும்போது அதன்மேல் ஓர் எண்ணெய் விளக்கை ஏற்றி வைக்கத் தொடங்கினார். சாலையிலிருந்து பார்த்தால் திறந்த மதில் வாசலும், வெறிச்சோடிய பெரிய முற்றமும், நடுவில் வெள்ளை வெளேரென்று நீண்ட ஒரு மேடையும், மேடையின் தலைமாட்டில் அசையாத ஒரு சுடரும் தெரியும்.

முதலில் வந்தவர் காமாரியா. மலாய்த் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்தவர். சாலை முனையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்பவர். காணாமற்போன தம் ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தபோது, அது அந்த மேடையின்மேல் காலை மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. காமாரியா ஆட்டை ஓட்டிக்கொண்டு போகாமல், முதலில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். மறுநாள், சமாதிக்குப் போர்த்துவதுபோல, மேடைக்கு ஒரு மஞ்சள் துணி வந்தது.

பினாங்கில் அவுலியாக்கள் என்னும் இறைநேசர்களின் அடக்கத்தலத்தைக் கெராமட் என்பார்கள். அங்கே யார் வருவது, எந்த முறையில் கும்பிடுவது என்று கேட்க ஆளில்லை. மலாய்க்காரர் மஞ்சள் சோறு கொண்டுவருவார். தமிழ் முஸ்லிம் சர்க்கரை வைத்துப் பாத்திஹா ஓதுவார். சீனர் ஊதுபத்தி கொளுத்துவார். இந்து தேங்காய் உடைப்பார். ராவுத்தரின் முற்றத்திலும் இந்த வரிசை பிசகாமல் நடந்தது. மூலை மண்டபங்கள் எதற்கென்று மேஸ்திரிக்குத் தெரிந்ததுபோலவே வந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. நான்கிலும் நின்று நின்று சுற்றிவந்தார்கள். மழை வந்தால் திறந்த வளைவு மண்டபத்தில் ஒதுங்கினார்கள். பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் நுழையவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செய்தி கேட்டு ராவுத்தர் ஓடிவந்தபோது முற்றத்தில் கூட்டம் அலைமோதியது.

"யாரும்மா நீங்கள்லாம்? இங்க என்ன நடக்குது?"

கையில் கற்பூரத் தட்டோடு நின்ற ருக்குமணி என்ற சலவைக்கார அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மெதுவாப் பேசுங்க அண்ணே. பெரியவரு ஓய்வா இருக்காரு."

"எந்தப் பெரியவரு?"

"புகைமலை அவுலியா."

ராவுத்தர் மேடையைச் சுட்டிக் காட்டினார். "அம்மா, இதுக்குள்ள ஒருத்தரும் இல்ல. வெறும் செங்கல்லு. நான்தான் கட்டினேன்."

"ஒங்களக் கட்டச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. ஒரு படத்துல பாத்தேன்."

"பாத்தீங்களா!" என்று ருக்குமணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "படத்துல வந்து சொல்லியிருக்காரு!"

"அட அல்லாவே! படத்துல கட்டடந்தாம்மா இருந்துச்சு. ஆளே இல்ல."

"பெரிய அவுலியான்னா அப்படித்தான் லா, அண்ணே" என்றார் காமாரியா. "சின்னவங்கதான் மொகத்தக் காட்டுவாங்க."

ராவுத்தர் பொறுமையிழந்து மஞ்சள் துணியை உருவியெடுத்தார். அதில் படிந்திருந்த ஊதுபத்திச் சாம்பல் அவர் மூக்கில் ஏற, தொடர்ந்து தும்மினார். கூட்டம் பின்வாங்கி, அர்த்தத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அன்று மாலைக்குள், அவுலியாவின் துணியில் கைவைத்த ராவுத்தருக்கு மூச்சே நின்றுபோய், மன்னிப்புக் கேட்டபிறகுதான் திரும்பி வந்தது என்ற செய்தி படகேறிப் பட்டர்வொர்த் வரைக்கும் போயிற்று.

அதன்பிறகு அவர் மறுக்க மறுக்கக் கூட்டம் பெருகியது. அடக்கமானவர், தமக்குக் கிடைத்த பேற்றை வெளியில் சொல்லமாட்டார் என்று ராவுத்தருக்கும் நல்ல பெயர் வந்தது. வாழ்நாள் முழுவதும் ஏங்கிய பாராட்டு, தேவைப்படாத திசையிலிருந்து வந்து அவர் தலையில் விழுந்தது. சூலியா தெருவில் முன்பின் தெரியாதவர்கள் அவருக்கு சலாம் சொன்னார்கள்.

ராவுத்தருக்கோ அந்த சலாம்கள் ஒட்டவில்லை. நாகூரை நினைத்தால் கண் கலங்குகிற பரம்பரை அவருடையது. மெய்யான அவுலியாக்கள் மேல் அவ்வளவு மரியாதை இருந்ததால்தான் இல்லாத அவுலியா ஒருவரை அவரால் பொறுக்கமுடியவில்லை. தவிரவும் இன்னொரு கணக்கு இருந்தது. கெராமட் ஆகிவிட்ட இடத்தில் யாரும் குடியிருக்கமாட்டார்கள். ஹபீபா அங்கே வந்து வாழ்வாள், ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்ற நம்பிக்கை ஊதுபத்திப் புகையில் கரைந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில் நூர் முகம்மது கடைக்கு வந்தார். கயிற்றுச் சுருள்மேல் வசதியாக உட்கார்ந்தார்.

"மச்சான், நான் சொல்றதக் கேளுங்க. வீடுன்னு கட்டினீங்க, பொண்டாட்டிகூட வரல. கெராமட்டுன்னு ஆச்சு, ஊரே வருது. ஒத்துக்கிட்டுப் போங்களேன். எடத்த தர்மத்துக்கு வக்ஃபு எழுதிக் குடுங்க. நீங்க தலைவரு, நான் செயலாளரு."

"உள்ள யாரும் இல்ல மச்சான்!"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்."

"அல்லாவுக்கும் தெரியுமே."

நூர் முகம்மது இந்தத் தகவலைச் சற்று நேரம் யோசித்தார். "கொடிமரம் செய்யச் சொல்லியாச்சு" என்றார் பிறகு. "வர்ற வெள்ளிக்கெழம சாயங்காலம், அசர் தொழுகைக்கப்புறம் கொடியேத்தம். ஆயிரம் பேரு வருவாங்க. கயிறு மட்டும் உங்க கடைச் சரக்கா இருந்தா நல்லா இருக்கும்."

கொடி ஏறிவிட்டால் கதை முடிந்தது. ஏறிய கொடியை இறக்க இந்தத் தீவில் கவர்னருக்கும் துணிவு வராது. ராவுத்தர் மாடிக்குப் போய், பகற்சோற்றைத் தொடாமல், மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் சொன்னார்: "ஒரு வீடு கட்டணும்னு நெனச்சேன் ஹபீபா. சுண்ணாம்பும் செங்கல்லும் வச்சு ஒரு பொய்யக் கட்டிட்டேன். இதுக்கு நான் பதில் சொல்லணும்."

ஹபீபா பீவி நிதானமாக மீன் துண்டை அவர் தட்டில் வைத்தார்.

"மெய்யாவே உள்ள யாரும் இல்லயா?"

"யாரும் இல்ல."

"அதான். ஆளு இல்லாத வீட்டுல யாரையாவது கொண்டாந்து வச்சிருவாங்க. நாம போயிருந்தா இது வந்திருக்குமா?" பிறகு ஏதோ தாமே முதலில் போக விரும்பி, கணவர் தடுத்துவிட்டதுபோலக் கடுமையாகச் சொன்னார்: "சாப்பிடுங்க. வெள்ளிக்கெழமைக்கு மாட்டுவண்டி சொல்லிவிடுங்க."

வெள்ளிக்கிழமை அசர் தொழுகை முடிந்து கூட்டம் முற்றத்தில் நிறைந்திருந்தது. பச்சைத் தலைப்பாகையோடு நூர் முகம்மது கொடிமரத்தருகே நின்றார். மரம் நட்டாகிவிட்டது, கயிறு கோத்தாகிவிட்டது, கொடியை மட்டும் கட்டவேண்டும். அப்போது வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டியில் அம்மிக்கல், ஆட்டுக்கல், அண்டா குண்டான்கள், ஒரு கூண்டு நிறையக் கோழிகள், நான்கு கூடை கருவாடு. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஹபீபா பீவி.

கெராமட்டின் அருகில் சில காரியங்கள் ஆகாது என்பதைப் பினாங்கில் யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. அழுக்குத் துணி ஆகாது. கவிச்சி ஆகாது. எல்லாவற்றுக்கும்மேலாக, சத்தம் போட்டுச் சண்டை போடக்கூடாது. போட்டால் வாய் கோணிப்போகும். ஹபீபா பீவி இறங்கி வந்து, மஞ்சள் துணியைப் பக்குவமாக மடித்துக் காமாரியாவின் கையில் கொடுத்தார். பிறகு முதல் கூடையைத் தூக்கி, அந்த வெள்ளை மேடையின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் நெத்திலிக் கருவாட்டைப் பரப்பினார்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"ஹபீபா!" என்றார் நூர் முகம்மது. "உனக்குப் பைத்தியமா? அவுலியா இருக்காங்க!"

"நானும் இருக்கேன். இது எம் புருஷன் எனக்குக் கட்டின வீடு. உங்க வீட்டுத் திண்ணையில யாராச்சும் ஊதுபத்தி கொளுத்தினாங்களா அண்ணே? இத்தாலித் தூணக் கட்டிப்பிடிச்சு யாராச்சும் கண்ணீர் விட்டாங்களா? எங்க வாசல்ல மட்டும் என்ன கொடி? அந்தக் கயித்த விடுங்க."

நூர் முகம்மது விட்டுவிட்டார். சிறுவயதிலிருந்தே அந்தக் குரலுக்குக் கயிற்றை விட்டுப் பழகியவர். பீவி அந்தக் கயிற்றின் முனையை இழுத்துப்போய் எதிரிலிருந்த உதைச்சுவரின் முளையில் கட்டினார். துவைக்கக் கொண்டுவந்த ராவுத்தரின் கைலிச் சாரங்களை வரிசையாக அதன்மேல் போட்டார். ராவுத்தர் வண்டியருகில் கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷத்தில் முதன்முறையாக அந்த அம்மாள் தம்மை ஆதரித்துப் பேசியதை அவர் கேட்டார். அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

கூட்டம் கலையவில்லை. பீவியின் வாய் எந்தப் பக்கம் கோணும் என்று பார்க்கக் காத்திருந்தது. பீவி திறந்த வளைவு மண்டபத்தில் அடுப்பு மூட்டினார், வண்டிக்காரனை ஏசினார், உப்பைக் காணோமென்று கணவரை ஏசினார், காலில் இடறிய ஒரு பூக்கூடைக்காக முற்றத்தில் நின்ற அத்தனை பேரையும் பொதுவாக ஏசினார். வாய் நேராகவே இருந்தது.

ருக்குமணி கவலையோடு கிட்டே வந்தார். "அக்கா, ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணலயே?"

"பண்ணுதே."

கூட்டம் ஓரடி நெருங்கியது.

"பசிக்குது" என்றார் பீவி. "வெங்காயம் உரிக்கத் தெரியுமா? சும்மாதானே நிக்கிறீங்க. உக்காருங்க."

ருக்குமணி உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். அதோடு கொடியேற்றம் முடிந்தது.

ஆனால் உள்ளே யாரும் இருந்ததில்லை என்று ஒருவராவது ஒப்புக்கொண்டார் என்று நினைத்தால் அது தவறு. அவுலியா இருந்தார், ஹபீபா பீவியின் வாய்க்கு அஞ்சிப் புறப்பட்டுப் போய்விட்டார் என்பதே ஊரின் முடிவு. அதிகாலையில் அவர் மூட்டையும் கையுமாக ஆயர் ஈத்தாம் பக்கம் போனதைத் தாமே பார்த்ததாகக் காமாரியா சொன்னார், முகம் வாடியிருந்ததாம். இல்லாத ஒருவரை இல்லையென்று சொல்லி மெய்ப்பிப்பதைவிட, அவரைத் துரத்திவிடுவது எவ்வளவோ எளிது என்று ராவுத்தர் தெரிந்துகொண்டார். ஓர் அவுலியாவையே கிளப்பியவர் என்பதால் ஹபீபா பீவிக்கு அந்த வட்டாரத்தில் தனி மரியாதை ஏற்பட்டது. காய்கறிக்காரர்கள் அவருக்கு மட்டும் நிறுவை சரியாகப் போட்டார்கள்.

பீவி அங்கேயே தங்கிவிட்டார். போனால் மறுபடி யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்று காரணம் சொன்னார். தங்கியவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். சாலையைப் பார்த்த சுவரில், ஆள் உட்கார்ந்தால் தெருத் தெரிகிற உயரத்தில், நான்கு சன்னல்கள் வேண்டும். எரிமலையைத் தாங்கக் கட்டிய சுவரை உடைக்க, கட்டியதைவிட அதிகம் ஆள் பிடித்தது. திருநாவுக்கரசு மேஸ்திரி ஒவ்வோர் உளியடிக்கும் தம் கைவேலையைத் தாமே மெச்சிக்கொண்டார். ஒரு மூலை மண்டபத்தில் கோழிகள் குடியேறின, இன்னொன்றில் விறகு, மூன்றாவதில் ராவுத்தரின் கயிற்றுச் சுருள்கள். பல்பல்லாக நின்ற மதிலின்மேல் அப்பளம் காய்ந்தது. ஸ்பானியத் துறவிகள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, ராவுத்தர் பார்த்துப் பார்த்து மனம் வெதும்பினார். ஆனால் வீட்டுக்குள் ஆள் நடமாடும் சத்தம் கேட்டது.

நான்காவது மண்டபத்தில் ஒரு பாய் விரிக்கப்பட்டது. அது நூர் முகம்மதுவுக்கு. தங்கை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை என்பதால் அவருக்கு அங்கேதான் தேநீர். ஒரு பிற்பகல் அவர் அந்த மண்டபத்தில் அமர்ந்து, தம் தூண்களுக்குப் புதிதாகச் சாயம் அடிக்கப்போகும் விவரத்தைக் கோழிகளுக்கும் மைத்துனருக்கும் உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். ராவுத்தர் பாதியில் எழுந்து உள்ளே வந்தார். புதுச் சன்னலின் ஆழத்தில், சுவரின் தடிப்பே ஒரு கட்டிலைப்போல அமைந்த இடத்தில், ஹபீபா பீவி காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முகம் சாந்தமாக இருந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று ராவுத்தர் துணிந்து கேட்டுவிட்டார்.

"என்ன ஹபீபா... வீடு எப்படி?"

பீவி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். முற்றத்துப் பக்கம் தலையைச் சாய்த்து, அங்கிருந்து வந்த குரலைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மொழம் தடிப்பா வச்சிருக்கலாம்" என்றார். "எங்கண்ணன் பேசுறது கேக்குது."

ராவுத்தர் அதைப் பலமுறை மனத்துக்குள் திருப்பிப் பார்த்தார். பாராட்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. சன்னலின் மறுகோடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் அதில் உட்கார்ந்து, ஒரு வெற்றிலைக்குக் கை நீட்டினார்.